தூணுக்கு முன்னால் ஒரு டீ

முடியுது என்றுதான் சொன்னேன், இந்த உத்தரம் சுவத்தோட முடியுதாக்கா இல்ல அந்தப் பக்கமும் போகுதா என்று மேஸ்திரி கேட்டு வாயை மூடுவதற்குள் முடியுது என்று சொல்லிவிட்டேன், பொய் சொல்கிறவர்களுக்குக் கை நடுங்கும் என்பார்கள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை, இந்த வீட்டில் நான் சொன்ன பொய்களுக்கெல்லாம் நடுங்கியிருந்தால் இந்நேரம் கை கழன்று விழுந்திருக்கும். அந்த ஆள் சுத்தியலால் உத்தரத்தை இரண்டு தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார், சுவருக்குள் அது நுழைகிற இடத்துப் பூச்சை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், சத்தத்த வச்சிச் சொல்ல முடியலக்கா, வீட்டுக்காரங்க நீங்கதான் சொல்லணும் என்றார். அது அவர் பழக்கமாம். எந்த வீட்டை இடித்தாலும் தூணில் கை வைக்கும் முன்னால் வீட்டுக்காரர் வாயால் ஒரு தடவை கேட்டுக்கொள்வாராம், பிறகு ஆட்களையெல்லாம் வெளியே கூட்டிப்போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, உட்கார வைத்து, அப்புறம்தான் திரும்பி வந்து தொடுவாராம், அசந்த கையோட தூணத் தொடக் கூடாதுக்கா, எங்க வாத்தியார் சொன்னது. சரி, குடிக்கட்டும். கதவும் ஜன்னலும் போன வாரமே கழற்றி விற்றாயிற்று, ஜன்னல் இருந்த ஓட்டை வழியாகத் தெருமுனைக் கடை நன்றாகத் தெரிகிறது, நாலு முதுகும் ஒரு தலைப்பாகையும். அவர்கள் டீயைக் குடித்து முடிக்கிற வரைக்கும் இந்தத் தூண் நிற்கும்.

ஒரே வீடுதான் இது. அண்ணன் தம்பி நடுவில் சுவர் எழும்பி இரண்டு வீடாயிற்று. அண்ணன் என் வீட்டுக்காரர், போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி சுவருக்கு அந்தப் பக்கம், என் கொழுந்தன். தரையைப் பிரித்தார்கள், கிணற்றை முறை வைத்துப் பிரித்தார்கள், மூன்று நாற்காலியை ஒன்றரை ஒன்றரையாகப் பிரிக்க முடியாமல் ஒன்றைப் பரணில் போட்டார்கள், இந்த இரும்பு உத்தரத்தை மட்டும் யாராலும் பிரிக்க முடியவில்லை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே இரும்பு. நடுவில் அதைத் தாங்குகிற தூண் என் பாகத்தில் விழுந்தது, சுவரை ஒட்டினாற்போல, இந்தப் பக்கம். என் பக்கத்துக் கூரை நேற்றே இறங்கிவிட்டது, அண்ணாந்தால் வானம். இப்போது இந்தத் தூண் தாங்கிக்கொண்டிருப்பது அவன் கூரையை மட்டும்தான். எடுத்தால் அந்த ஹால் அப்படியே உட்கார்ந்துவிடும். தெரிந்தவர்கள் மூன்று பேர், ஒருவர் செத்துப்போனார், ஒருவன் அந்தப் பக்கம், ஒருத்தி பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு டீக்கடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆளைக் கொல்கிற அளவுக்கு நான் ஒன்றும்... ஆள் இல்லை அங்கே. தூசிக்கு இருமல் வந்துடும், ரெண்டு நாள் தங்கச்சி வீட்டுல இருந்துட்டு வா என்று ஓரகத்தியிடம் நானேதான் போய்ச் சொன்னேன், அவளும் அக்கான்னா அக்காதான், எங்க மேல எவ்வளவு அக்கறை என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆமாம், ரொம்ப அக்கறை. காலையில் பார்த்தேன், வாசல் கதவில் பூட்டு. வீடுதான் விழும். வெறும் வீடு. கட்டில், அலமாரி, அவன் உட்காருகிற நாற்காலி, அவள் சிரித்த சிரிப்பெல்லாம் போய் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்தச் சுவர்கள். விழட்டுமே. தவறுதலாக நடந்துவிட்டது என்பேன், பொம்பளைக்கு உத்தரம் எங்கே முடியுது என்று என்ன தெரியும் என்று ஊரே சொல்லும், ஒரு தடவையாவது அந்தப் பேச்சு எனக்கு உபயோகப்படட்டும்.

பொம்பளைக்கு என்ன தெரியும்... எனக்கா தெரியாது? கட்டட கான்டிராக்டர் ஆபீசில் டைப் அடித்தவள் நான், எத்தனை வீட்டு எஸ்டிமேட் இந்த விரலில் ஓடியிருக்கிறது. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறானே, அவன் அங்கே சூப்பர்வைசர், தலையெல்லாம் சிமெண்ட் தூசியோடு வருவான், அந்தத் தலையைத் தட்டிவிட வேண்டும் என்று விரல் பரபரக்கும், தட்டிவிட்டதும் உண்டு, யாரும் இல்லாதபோது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கட்டி முடிக்காத மாடியில் போய் உட்காருவோம், கைப்பிடிச் சுவர்கூட இல்லாத மாடி, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு. சண்டை போடாத நாள் இல்லை. நீ இல்லாட்டி நான் இல்ல என்பான், சும்மா வாயால சொல்லாத என்பேன், வேற எப்படிச் சொல்றது என்பான். ஒரு நாள் குதி என்றேன். கீழே மணல் குவித்திருந்தது, விளையாட்டுக்குத்தான் சொன்னேன்... விளையாட்டுக்கா சொன்னேன்? குதித்துவிட்டான். ஒரு பேச்சு இல்லை, சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டுக் குதித்தான். மணலின் ஓரத்தில் விழுந்து கணுக்கால் போயிற்று, இன்றைக்கும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறான். எல்லாரும் ஓடி வந்து தூக்கினார்கள், கால் வழுக்கிடுச்சு என்று அவர்களிடம் சொன்னான், நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், பயம் வந்திருக்க வேண்டும், அழுகை வந்திருக்க வேண்டும், எனக்கு வந்தது சந்தோஷம். இவன் என்னுடையவன், சொன்னால் சாவான் என்று ஒரு சந்தோஷம். அப்படி ஒரு சந்தோஷத்தை ருசி பார்த்தவளுக்கு அப்புறம் மற்றதெல்லாம் சப்பென்றுதானே இருக்கும்.

அப்படிக் குதித்தவன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு என்னைக் கேட்டு வந்தான். நானும் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன், வாசலில் முதலில் அவன் நுழைந்தான், பின்னால் அவன் அம்மா, அதற்கும் பின்னால் கண்ணாடி போட்ட ஒருவர், செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்துக் கழற்றிவைத்துவிட்டு. பெரியவனுக்குப் பாக்கத்தான் வந்தோம், ஆபீஸ் வாசல்ல உங்க பொண்ணப் பாத்திருக்கான், அன்னியிலேர்ந்து வேற பொண்ணே வேண்டாங்குறான் என்று அந்த அம்மா சொல்ல, அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொல்லைப்பக்கம் கூப்பிட்டுக் கேட்டேன். அண்ணன் வாயத் தொறந்து எதையும் கேட்டதே இல்ல, அப்பா போனதுக்கப்புறம் என்னப் படிக்க வச்சதே அவருதான், எனக்கு வேணும்னு எப்படிச் சொல்றது, நீ மாட்டேன்னு சொல்லிடு, அது போதும், என்றான். அதாவது, பழியை நான் சுமக்க வேண்டும், அவன் நல்ல தம்பியாக இருக்க வேண்டும். மாடியிலிருந்து குதிக்கத் தைரியம் இருந்தது, அண்ணன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல இல்லை. மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம், ஆறு மாதம் போனால் எல்லாம் ஆறிப்போய் அவனே வந்திருப்பான், அது எனக்கு அப்போதே தெரியும், தெரிந்துதான் உள்ளே போனேன், எல்லாரும் பார்க்க அந்தக் கண்ணாடிக்காரரைப் பார்த்துச் சிரித்துச் சம்மதம் என்றேன். அப்போது இவன் முகத்தைப் பார்த்தேனே, அதற்காகவே இன்னொரு தடவை சொல்லலாம். பொண்டாட்டியா வரவிடல இல்ல, அண்ணியா வர்றேன், தினமும் காலையில் எழுந்து என் முகத்தில் விழி.

அண்ணி. காபி வேணுமா அண்ணி, கடைக்குப் போறேன் அண்ணி, எதாச்சும் வாங்கணுமா அண்ணி... ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தை அவன் தொண்டையில் ஒரு நொடி நின்று வரும், எனக்கு மட்டும் கேட்கும். கூப்பிட வைத்தேன். தேவையே இல்லாமல் எதையாவது கேட்டுக் கூப்பிட வைத்தேன். என் வீட்டுக்காரரோ உலகத்தில் உள்ள நல்லவர்களையெல்லாம் பிழிந்து எடுத்த மாதிரி ஒரு மனுஷர், அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை, ஊரில் அடிக்கிற கல்யாணப் பத்திரிகையில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுவார், சொந்த வீட்டில் இருந்தது மட்டும் அவர் கண்ணில் படவில்லை. படவில்லையா? தெரியவில்லை, அதைப் பற்றி இப்போது வேண்டாம். தம்பிக்குப் பெண் பார்க்கிற பொறுப்பும் அண்ணி தலையில்தானே விழும், தேடித் தேடிப் பிடித்தேன், அழகும் சுமார், படிப்பும் சுமார், வாய் மட்டும் காது வரைக்கும், ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் தலைவலி வருகிற வாயாடி, அமைதியாக இருக்கிற இவனுக்கு இது ஜென்ம தண்டனை என்று நினைத்துத்தான் கட்டி வைத்தேன். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்தது. கல்யாணமான மூன்றாம் மாதம் அந்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம், அவள் சிரித்தால் சரி, வாய் அப்படி, இவன் சிரிக்கிறான், என்னோடு மாடியில் உட்கார்ந்திருந்தபோதுகூட அப்படிச் சிரித்ததில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நான் சமையலறையில் நின்று கேட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து அணைந்தது, நின்றுகொண்டே இருந்தேன்.

தலையணை மந்திரம் என்பார்கள், அதை ஒரு நாள்கூட விடாமல் ஓதினேன். உங்க தம்பி சம்பாதிக்கிறதெல்லாம் அவ கைக்குப் போகுது, நீங்க படிக்க வச்ச நன்றி எங்க இருக்கு, நேத்து உங்க தட்ட அவ எப்படி வச்சா பாத்தீங்களா... எறும்பு ஊரக் கல்லும் தேயும், அவர் கல்லும் இல்லை. ஒரு நாள் அண்ணன் தம்பி இருவரும் சாப்பாட்டு வேளையில் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து நின்று கத்திக்கொண்டார்கள், மறு மாதம் சுவர். அந்தச் சுவரையும் அவன்தான் நின்று கட்டினான், வேறு யாரோ கட்டினால் கோணலாகிவிடும் என்று. ஒற்றைச் செங்கல் சுவர், மெல்லிசு, இங்கே தும்மினால் அங்கே கேட்கும். கட்டி முடித்த சாயங்காலம் கையில் சாந்தோடு வந்து இந்தத் தூணைத் தட்டிக் காட்டினான், அண்ணி, இது உங்க பக்கம் வருது, ரெண்டு வீட்டையும் இதுதான் தாங்குது, கொஞ்சம் பாத்துக்குங்க. என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார், ஆனால் என்னைப் பார்த்துத்தான் சொன்னான். அதற்குப்பிறகு அந்த வீட்டு வாசற்படியை நான் மிதிக்கவில்லை, போன வாரம் ஓரகத்தியிடம் சொல்லப் போனதுகூட வாசலோடு சரி. ஆனால் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன், ரொம்ப நாளைக்குப் பிறகு. கொடுத்துவிட்டுப் போகிறான் பார், அவன் தலைக்கு மேலே இருக்கிறதை என் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான்.

அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் ஓட்டினேன், வேறு என்ன இருந்தது எனக்கு? பிள்ளை இல்லை. அவர்களுக்கு ஒன்று பிறந்தது, வளர்ந்தது, வேலைக்குப் போய்விட்டது. அங்கே சிரிப்புக் கேட்கிறபோதெல்லாம் இந்தத் தூணில் போய்ச் சாய்ந்து நிற்பேன், சிரிங்க, நல்லாச் சிரிங்க, நான் நினைச்சா ஒரு நாள் போதும். நினைத்துக்கொள்வதோடு சரி, என் வீட்டுக்காரர் இருக்கிற வரைக்கும் தூணை எங்கே எடுப்பது. கடைசியில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னையும் தம்பியையும் பார்த்து, ரெண்டு பேரும் போய் எதாச்சும் சாப்பிட்டுட்டு வாங்க, மெதுவா வாங்க என்றார். மெதுவா வாங்க என்று ஏன் சொன்னார்? அந்த நீளமான வராந்தாவில் இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு நானும் அவனும் மட்டும், கையெட்டுகிற தூரத்தில், அவன் தலையில் இப்போது சிமெண்ட் இல்லை, நரை. ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். சாப்பிட்டீங்களா அண்ணி என்றான். அதைக் கேட்கவா அந்த மனுஷர் வழி விட்டார்? அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், இவர் காரியம் முடியட்டும், வருஷம் திரும்பட்டும், வீடு பழசாகிவிட்டது, இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்டப்போகிறேன் என்று.

டீக்கடையில் ஒருவன் எழுந்துவிட்டான்... இல்லை, பீடி பற்றவைக்க எழுந்திருக்கிறான், மேஸ்திரி இன்னும் ஊதிக்கொண்டுதான் இருக்கிறார், சூடு தாங்காத ஆள். சீக்கிரம் குடித்துத் தொலைக்கக் கூடாதா, எனக்கு இங்கே... என்ன அது? எலியா? எலி நாற்காலியை இழுக்காது. அந்தப் பக்கம். பூட்டை என் கண்ணால் பார்த்தேனே, வாசல் பூட்டு, பின்கட்டு வழி இருக்கிறது, அதை நான் ஏன் நினைக்கவில்லை, அவள் திரும்பி வந்துவிட்டாளா, அவள் வந்தால் இருமிக்கொண்டும் பேசிக்கொண்டும் வருவாளே, இது சத்தமே போடாமல்... நடக்கிறது. ஒரு கால் அழுந்தி, ஒரு கால் இழுத்து. அவன். எதையோ மறந்து வைத்துவிட்டு எடுக்க வந்திருப்பான், எடுத்துக்கொண்டு போய்விடுவான், மூக்குக் கண்ணாடி, மாத்திரை, ஏதோ ஒன்று, எடு, எடுத்துக்கொண்டு போ. போகவில்லை. நாற்காலி கிரீச்சென்கிறது, உட்காருகிறான். உத்தரத்துக்கு நேர் கீழேதான் அவன் நாற்காலி, இவ்வளவு வருஷச் சத்தத்தில் அது எங்கே இருக்கிறது என்று எனக்கு அளந்து வைத்த மாதிரி தெரியும். எப்போது வந்தான்? இப்போதுதான் வந்தானா, இல்லை... பின்கதவு திறக்கிற சத்தம் ஒன்றும் கேட்கவில்லையே. பின்கதவு திறந்தால் கேட்கும், அது கத்துகிற கதவு. அப்படியென்றால் காலையிலிருந்தே உள்ளேதான் இருக்கிறானா? மேஸ்திரி கேட்டது இந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்று, நான் பதில் சொன்னதும் இங்கே நின்றுதான், முடியுது என்று, தெளிவாக, தும்மினால் கேட்கிற சுவருக்கு இந்தப் பக்கம்.

கேட்டிருக்கிறான். எனக்கு இப்போது வேர்க்கிறது.

சுவர்ப் பக்கம் போய், உள்ள யாரு என்றேன், தெரிந்துகொண்டே. நாற்காலி ஒரு தடவை கிரீச்சிட்டது. அப்புறம், நான்தான் அண்ணி. அந்த வார்த்தை இப்போது எங்கேயும் நிற்காமல் வந்தது. நீ போகலியா, என்றேன். இல்ல, அவள மட்டும் அனுப்பினேன். தூசி வரும், என்றேன், என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. வரட்டும் அண்ணி, என்றான். டீ குடிக்கத்தான போயிருக்காங்க, இப்ப வந்துடுவாங்கல்ல? ஆமா, என்றேன். சரி, என்றான். அவ்வளவுதான். எழுந்திருக்கிற சத்தம் இல்லை. எழுந்து போடா என்று கத்தியிருக்கலாம், கத்தினால் நான் சொன்னது பொய் என்று என் வாயாலேயே சொன்ன மாதிரி, அவனுக்குத் தெரியாததா, தெரிந்தவனுக்கு ஒளித்து என்ன ஆகப்போகிறது, ஆனாலும் திரும்பி ஜன்னல் ஓட்டைக்கே வந்தேன்.

என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் அங்கே உட்கார்ந்து? செத்தால் சாகிறேன் என்றா? இவளால் முடியாது, சும்மா மிரட்டுகிறாள் என்றா? அப்படி நினைத்தால் தப்பு, என்னால் முடியும், முடியுது என்று சொன்னபோது எனக்குள் ஒன்றும் அசையவில்லை, அதை நானே பார்த்தேன்... ஆள் இல்லை என்று நினைத்துத்தானே அசையவில்லை? ஆள் இருந்தால்? அவனே இருந்தால்? ஒரு காலத்தில் இதைத்தானே கேட்டேன், நான் சொன்னால் சாவானா என்று, இதோ உட்கார்ந்திருக்கிறான், சொல்லு என்கிறான், நான் வாயைத் திறக்காமலே கொன்றுவிடலாம், சும்மா இருந்தாலே போதும், மேஸ்திரி வருவார், கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டு சுத்தியலை எடுப்பார். அப்புறம்? நாளைக்குக் காலையில் எழுந்து யாரை நினைத்துக்கொண்டு பல் தேய்ப்பேன்? அவனைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் முதலில் காது போனது அந்தப் பக்கம்தானே, இருமினானா, நடந்தானா, இன்னும் இருக்கிறானா என்று. சீ. இதற்குப் பெயர் என்ன? நான் அவனை வெறுக்கிறேன், சத்தியமாக வெறுக்கிறேன், அவன் இல்லாமல் ஒரு நாள் இருக்க என்னால் முடியாது, இரண்டும் உண்மை, இதில் எதைப் போய் யாரிடம் சொல்வது. டீக்கடையில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். மேஸ்திரி தலைப்பாகையை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டு வருகிறார், நடையில் அவசரமே இல்லை.

ஆரம்பிக்கலாமாக்கா, என்றார். இரு, என்றேன். உத்தரம் அந்தப் பக்கமும் போகுது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முடியுதுன்னீங்களே? இப்ப போகுதுன்னு சொல்றேன், ஆளு உள்ள இருக்கு, முட்டுக் குடுக்காம தூணத் தொடாத. சுவருக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகத்தான் சொன்னேன், சொல்லிவிட்டுப் பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்தேன். மேஸ்திரி ஒன்றும் திட்டவில்லை, நாலைந்து உயிரோட விளையாடுறீங்கக்கா என்று மட்டும் மெதுவாகச் சொன்னார், அதற்குத் திட்டியிருக்கலாம். அந்த வீட்டுக்குள்ளேயும் முட்டுக் கொடுக்க வேண்டும், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பின்கட்டு வழியாகப் போனார். அந்தக் கதவு கத்தியது. பேச்சுக் குரல், அவருடையது, அவனுடையது, என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடவில்லை, ஏதோ தட்டுகிற சத்தம், இரும்பில் இரும்பு. காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குள் ஒன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது, வெட்கங்கெட்டது, கொல்லப் பார்த்தவளும் நான்தான், காப்பாற்றியவளும் நான்தான், இரண்டையும் அவன் கேட்டுக்கொண்டுதானே இருந்தான், இப்போது என்ன சொல்வான், வந்து நிற்பானா, இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை...

மேஸ்திரிதான் வந்தார். முட்டெல்லாம் வேணாங்க்கா, என்றார். ஏன்? அங்க ஒரு இரும்புத் தூண் நிக்குது, உத்தரத்துக்கு நேர் கீழ, நல்ல கனமான குழாய், தரையைத் தோண்டி காங்கிரீட் போட்டு நட்டிருக்காரு. இந்தத் தூண நீங்க எப்ப எடுத்திருந்தாலும் அந்த வீட்டுல ஒரு ஓடு நகந்திருக்காது. என் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று இருந்தது. இப்ப வச்சதா, என்றேன், நேத்து முந்தாநேத்து? மேஸ்திரி சிரித்தார். நல்லாக் கேட்டீங்க, பெயின்ட் மேல பெயின்ட், சுரண்டினா நாலு கலர் வருது, சுவரு கட்டின வாரமே வச்சதாம், அவரே சொன்னாரு. ஆனா ஒண்ணுக்கா, வச்ச இடம்தான் வசதியில்ல, நடக்கிற வழியிலேயே நிக்குது, வீட்டுல யாரு எங்க போகணும்னாலும் அத ஒரு சுத்துச் சுத்தித்தான் போகணும், சோறு திங்க, தூங்க, எதுக்குன்னாலும்.

சுவர் கட்டின வாரமே. அப்படியென்றால் கையில் சாந்தோடு வந்து நின்று பாத்துக்குங்க என்று என் கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்த் தரையைத் தோண்டியிருக்கிறான். எனக்கு அந்த எண்ணமே அன்று ராத்திரிதான் வந்தது, எனக்கு வருமுன்னால் அவனுக்குத் தெரிந்துவிட்டதா? அவன் கூரை என் கையில் இருக்கிறது என்று நான் சாய்ந்து சாய்ந்து நின்றதெல்லாம், அங்கே சிரிக்கச் சிரிக்க இங்கே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதெல்லாம், வெறுங்கையை மூடிக்கொண்டு நின்றதுதானா? கோபம் வர வேண்டும், வருகிறது, கூடவே வேறொன்றும் வருகிறது. அந்த வாயாடி கேட்டிருப்பாளே, நடுவீட்டில் இது எதுக்கு, துணி காயப்போடவும் உதவாது, எடுத்துத் தொலைங்க என்று கேட்காமல் இருந்திருக்க மாட்டாளே, என்ன சொல்லிச் சமாளித்தான்? ஒவ்வொரு தடவை வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போதும் அதற்கும் சேர்த்து அடித்திருக்கிறானே, யார் பெயரைச் சொல்லி அடித்தான்? தினமும், தினமும், காலையில் எழுந்ததும் என்னைச் சுற்றிக்கொண்டுதானே போயிருக்கிறான்... இதில் ஜெயித்தது யார்? எடுத்துடலாமாக்கா, என்கிறார் மேஸ்திரி, தூணில் கை வைத்தபடி, வீட்டுக்காரர் வாயால் கேட்க வேண்டுமாம். என்ன சொன்னாலும் அந்தப் பக்கம் இனி ஒன்றும் ஆகாது. எடு என்று ஒரு சொல், அதைச் சொல்லத்தான் பார்க்கிறேன், அவர் திரும்பவும் கேட்கிறார், போய் இன்னொரு டீ குடிச்சிட்டு வாங்க என்கிறேன்.